உப்பு நாட்டுக்குப் புதியவள்

23 பிப்ரவரி 2004, திங்கள்

கல்யாணமாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. கீழே பிரவுசிங் சென்டர், மேலே வீடு. செங்கம் ரோட்டில் பஸ் போனால் மாடி ஜன்னல் அதிர்கிறது. ஆசிரமத்துக்கு வந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் பத்து மணிக்கு மேல்தான் மெயில் பார்க்க வருவார்கள். அதுவரை கடை சும்மா கிடக்கும்.

இன்று கடையின் பின்னறையில் துண்டு போட்டு மூடியிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். இது என்னங்க என்று கேட்டேன். ஆதவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. (வாயால் பெயர் சொன்னால் அத்தை ஒரு மாதிரி பார்க்கிறார். இங்கே எழுதிக்கொள்ளலாம்.) அவர் பிளஸ் டூ முடித்த வருஷம் மாடியில் குடியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். அதில் ஒரு கேம். உப்பு நாடு என்று அவரே தமிழில் பெயர் வைத்திருக்கிறார். இங்கிலீஷ் பேச வந்ததே அதை ஆடித்தானாம்.

"நீ ஒரு தடவ ஆடிப் பாரேன். புதுசா வர்றவங்களுக்கு இது இன்னும் நல்லா இருக்குமான்னு எனக்குத் தெரியணும். நான் மொத்தமும் தெரிஞ்சவன். எனக்கு அது தெரியாது."

என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இதுவரை கேட்டதெல்லாம் சாப்பாட்டைப் பற்றி.

26 பிப்ரவரி, வியாழன்

ஆடினேன். கறுப்புத் திரை, நாலைந்து நிறம். மனுஷன் என்றால் இரண்டு கட்டம், மரம் என்றால் மூன்று கட்டம். கதை இதுதான்: ஒரு நாட்டில் ஆறெல்லாம் உப்பாகிவிட்டது. ஏன் என்று கண்டுபிடிக்க நாலு பேர் கிளம்புகிறார்கள். நாலு பேருக்கும் நாம்தான் பெயர் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு மாடுகளின் பெயரை வைத்தேன் — செவலை, மயிலை, கருப்பி, சுட்டி. அவருக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் வீரர்கள் பெயராக வைத்திருந்தாராம்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் ஆறு. குடிக்கவா என்று கேட்டது. சரி என்றேன். நாலு பேரும் செத்துப்போனார்கள்.

அதைக் குடிக்கக்கூடாது என்றார். எனக்கு எப்படித் தெரியும்?

27 பிப்ரவரி

இன்றும் செத்தேன். எலி.

5 மார்ச், வெள்ளி

மாறன் என்று ஒரு காலேஜ் பையன் தினமும் வந்து துப்பாக்கி கேம் ஆடுவான். இன்று பின்னறையில் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். இதில் கதை ஜாஸ்தி என்று அவர் விளக்கினார்.

"கதை ஜாஸ்தின்னா படம் கம்மியாத்தான் இருக்கணுமாண்ணா?"

கேட்டுவிட்டுத் தன் கேமுக்குத் திரும்பினான். அவன் ஆடுவதைப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, புல் அசைகிறது, தண்ணீர் மின்னுகிறது. ஆனால் அது யாருக்கும் நிற்பதில்லை. கண் சிமிட்டினால் போச்சு. உப்பு நாடு நான் விசையை அமுக்கும்வரை காத்திருக்கிறது. அத்தை கூப்பிட்டு, போய்க் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தாலும் எலி அதே இடத்தில் நிற்கிறது. இது பழசு என்பதாலா, அல்லது செய்தவனுக்கு அப்படி ஒரு பொறுமையா?

14 மார்ச், ஞாயிறு

எழுத உட்கார்ந்துவிட்டேனே தவிர எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சண்டை இல்லை. சண்டை மாதிரி.

நான் ஆடும்போது அவர் பக்கத்தில் உட்காருகிறார். அந்த வீட்டுக்குள் போ, அந்தப் பெட்டியைத் திற, அவனிடம் பேசாதே, அவன் பொய் சொல்வான். நான் யோசிப்பதற்குள் அவர் விரல் விசைப்பலகைக்கு வந்துவிடுகிறது. இன்று மதியம் ஓட்டலிலும் அப்படித்தான், நான் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

சாயந்திரம் மறுபடி கை வந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"நீங்க எனக்குக் காட்டணும்னு நெனக்கிறீங்க. நான் பாக்கணும்னு நெனக்கிறேன்."

எழுந்து போய்விட்டார். நான் பேசியது அதிகமா? ஒரு மாதத்துச் சொச்சத்தில் இப்படியெல்லாம் பேசலாமா?

22 மார்ச், திங்கள்

ஒரு வாரமாகத் தனியாக ஆடுகிறேன். சத்திரத்துக் கிழவி ஒன்பதாவது பாட்டைப் பார் என்கிறாள். எல்லா வீட்டிலும் தேடிவிட்டேன். கிணற்றடியில், கோயிலில், எலி இருந்த நிலவறையில். எங்கும் பாட்டு இல்லை. மூக்கு உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் வெட்கத்தை விட்டு அவரிடம் போய், வழி சொல்ல வேண்டாம், ஒன்பதாவது பாட்டு இந்தக் கேமுக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கேமோடு ஒரு புத்தகம் வந்ததாம். எந்த ஆற்றைக் குடிக்கக்கூடாது, யாரிடம் எப்படிப் பேச வேண்டும், எல்லாப் பாட்டும் அதில்தான் இருந்ததாம். கரையான் அரித்துப் பல வருஷமாகிவிட்டது. அது அவருக்கு மனப்பாடம். அதனால் அது இல்லை என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

"பாதி கேமத் தலைக்குள்ள வெச்சிக்கினு உன்ன ஆடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அப்படியானால் நான் மக்கு இல்லை! இவ்வளவு நாள் நான் மக்கு என்றே நினைத்திருந்தேன்.

23 மார்ச்

ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். புத்தகத்தில் இருந்ததைச் சொல்லலாம். கேமில் இருப்பதைச் சொல்லக்கூடாது. மொட்டை மாடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே ஒவ்வொரு பாட்டாகச் சொன்னார். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். நன்றாகச் சொல்கிறார். துணி எடுக்க வந்த அத்தை, ராத்திரி உலைக்கு என்ன வைக்கிறது என்று கேட்க வந்ததையே மறந்து நின்று கேட்டார்.

18 மே, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

இந்தக் கேமில் பேச வேண்டுமென்றால் நாம் ஒரு வார்த்தையை அடித்துக் கேட்க வேண்டும். உப்பு என்று கேட்டால் உப்பைப் பற்றிச் சொல்வார்கள். தெரியாத வார்த்தை என்றால் தலையை ஆட்டிவிடுவார்கள். ஆற்றங்கரையில் ஒரு ஓடக்காரன். படகு, ஆறு, ராஜா, காசு எது கேட்டாலும் ஒரே பதில்: போ. எத்தனையோ நாளாக அவன் முன்னால் நிற்கிறேன். இன்று துணி துவைக்கும்போது சட்டென்று தோன்றியது. சந்தையில் ஒருத்தி, ஓடக்காரன் மகள் வைத்த செடி என்று போகிற போக்கில் சொன்னாள். ஈரக் கையோடு இறங்கிப்போய் 'மகள்' என்று இங்கிலீஷில் அடித்தேன்.

அவன் பேசினான். திரை நிறையப் பேசினான். மகள் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தவள். அன்றிலிருந்து அவன் யாரையும் அக்கரைக்கு விடுவதில்லை. நான் கேட்டதால் படகை அவிழ்த்தான்.

இரண்டு கட்டத்தால் ஆன மனுஷன். எப்போதிலிருந்து இந்தக் கட்டங்கள் கட்டமாகத் தெரியாமல் போயின? மாறனை உட்காரவைத்துக் காட்டினால் அவனுக்கு இது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அது தெரிய, அந்த ஓடக்காரனிடம் நாள்கணக்கில் தோற்றிருக்க வேண்டும்.

சேமித்து வைக்குமுன் கரண்ட் போய்விட்டது. மறுபடி ஆட வேண்டும். பரவாயில்லை.

15 ஜூலை, வியாழன்

ஆடி பிறக்கப்போகிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மாவும் அப்பாவும் சீர் கொண்டுவந்து என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார்கள். உப்பு நாட்டில் செவலையும் மற்றவர்களும் மலைக் கணவாய் அடிவாரத்தில் நிற்கிறார்கள். மேலே காவலர்கள். சண்டை போட்டால் சாகிறோம். சண்டை போடாமல் எப்படிப் போவது? அதை யோசித்துக்கொண்டே ஊருக்குப் போகிறேன்.

29 ஜூலை, வியாழன். கீழ்பென்னாத்தூர்

மழை தூறுகிறது. நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மாப்பிள்ளையை நினைத்து ஏங்குகிறேன் என்று அம்மாவுக்குக் கவலை. ஆடி முடிந்ததும் அனுப்பிவைக்கிறேன் என்று தலையைத் தடவினாள். நான் கணவாயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

சத்திரத்தில் தூங்கினால் அங்கே ஒரு நாள் கழிகிறது. நாட்கள் கழிந்தால் பருவம் மாற வேண்டும் அல்லவா? மழைக்காலம் வந்தால் காவலர்கள் மேலேயே நிற்பார்களா? போனதும் முதல் வேலை, தூங்கித் தூங்கிப் பார்க்க வேண்டும்.

அவரையும் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

18 ஆகஸ்ட், புதன்

நேற்று வந்தேன். இன்று காலை கேமைத் திறந்தேன். கணவாய் இல்லை. பனி. வேறு ஊர். செவலை கையில் புது வாள். கருப்பிக்குக் கவசம். மயிலை — மயிலை பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. செத்துப்போனவர்களுக்குத்தான் அந்த நிறம்.

அவர்தான். நான் இல்லாதபோது. என்னுடையதை.

நீ அங்கேயே மாட்டிக்கினு இருந்தியே, கஷ்டப்பட வேணாம்னுதான் தாண்டி விட்டேன் என்கிறார். மயிலையைக் காப்பாற்ற முடியாதாம், அந்தச் சண்டையில் எப்படியும் ஒருத்தர் போய்விடுவார்களாம், அவர் ஆடியபோதும் போனார்களாம்.

"யாரு கேட்டது? நான் கேட்டனா? ஒரு மாசமா அதயேதான் யோசிச்சிக்கினு இருந்தேன். அது கஷ்டமில்ல. எனக்குன்னு இங்க இருந்தது அது ஒண்ணுதான்."

ஒரு கேமுக்கா இவ்வளவு என்று அத்தை கேட்டார். கேமுக்கு இல்லை. கேமுக்கும்தான்.

19 ஆகஸ்ட்

கடைப் பக்கமே போகவில்லை.

22 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அழிக்கவா என்று அது இரண்டு முறை கேட்டது. அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடில வீடு வெறிச்சுனு இருந்துச்சி. உன் சாமான் எதுவும் இங்க அவ்ளோவா இல்ல. நீ வெச்ச பேரு நாலும் அதுல இருந்துச்சி. அதப் பாக்கத்தான் தொறந்தேன். அப்பறம் கை நிக்கல."

அதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோவும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே நாலு பெயரைத்தான் மறுபடி வைத்தேன். அவர் உள்ளே வரவில்லை. போய் டீ வாங்கி வந்து, மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

25 செப்டம்பர், சனி

கணவாய் தாண்டிவிட்டோம்!

சத்திரத்தில் தூங்கிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு மூட்டை கரைந்துகொண்டே வந்தது, முட்டாள்தனமோ என்று பயம். பிறகு ஒரு காலை திரையில் கோடு கோடாக மழை. காவலர்கள் அடிவாரத்துக்கு இறங்கிச் சத்திரத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் அவர்களைக் கடந்து மேலே போனோம். ஒரு வாளும் உருவவில்லை. மயிலை உயிரோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

அவரைக் கூப்பிட்டேன். வந்து பின்னால் உட்கார்ந்தார். "இது எனக்குத் தெரியாது" என்றார். அவர் எப்போதும் சண்டை போட்டே போனவராம். மயிலை இருந்த இடத்தில் இருந்தவரை இழந்தே போனவராம். காத்திருந்து பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லையாம்.

பிப்ரவரியில் கேட்ட கேள்வியை இன்று மறுபடி கேட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இது நன்றாக இருக்குமா?

நன்றாக இருக்கவும் இருக்கும், இருக்காமலும் போகும் என்று சொன்னேன். எலிகள் தண்டம். பாதிக்குமேல் எலி அடிக்கிற வேலைதான், அதில் ஒன்றும் இல்லை, அதைப் பழைய காலத்துப் பெருமை என்று யாரும் சொல்ல வேண்டாம். புத்தகம் இல்லாமல் ஒருத்தரை உள்ளே விடுவது அநியாயம். கேம் போடும் கீச்சுச் சத்தம் காதில் ஊசி குத்துகிறது. ஆனால் கேட்கத் தெரிந்தால்தான் பதில் வரும் என்று செய்தவன் வைத்தானே, அது இன்றைக்கும் புதுசு. யாரும் அவசரப்படுத்தாமல், யாரும் சொல்லிக் கொடுத்துவிடாமல் இருந்தால் புதிதாக வருகிறவர்கள் தங்குவார்கள். இல்லையென்றால் இரண்டாவது எலியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

அவர் தலையாட்டினார்.

9 அக்டோபர், சனி

போளூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நடுவில் நின்றுவிட்டாராம். ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் ஆள் வேண்டும், பி.எஸ்சி. போதும் என்று சினேகா போன் செய்தாள். காலேஜில் என்னோடு படித்தவள், அங்கேயே அறிவியல் எடுக்கிறாள். போகட்டுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. போகப்போகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். அத்தை அவரைப் பார்த்தார். அவர் ரசம் கேட்டார்.

20 அக்டோபர், புதன்

காலை போளூர் பஸ்ஸில் தனியாகப் போனேன். அவர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். பஸ் நம்பர் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. நானே பார்த்து ஏறினேன்.

திரும்பி வந்து இறங்கும்போது சாயந்திரம். டீக்கடை ஓரமாக வண்டியோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

இரண்டு டீ சொன்னேன். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மடியில் கோழி வைத்திருந்தது. பள்ளிக்கூட வாசலில் புங்க மரம். பெரிய டீச்சர் என் சான்றிதழைப் பார்க்காமல் நேரே ஏழாம் வகுப்புக்குள் அனுப்பிவிட்டது. பின்னக் கணக்கு. பின்பெஞ்சில் ஒரு பெண் கேட்ட கேள்வி, அதற்கு எனக்குச் சட்டென்று விடை வராதது, இரண்டு பேரும் சேர்ந்து பலகையில் போட்டுப் பார்த்தது. அப்போது பெரிய டீச்சர் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், மெதுவாகச் சொன்னேன். அவருடைய டீயில் ஆடை படிந்துவிட்டது. இரண்டு முறை வாய் திறந்து மூடினார். முடிவு என்ன என்று நடுவில் கேட்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன்.