வடியாத சிறுநீர்

1976, சித்திரை, செவ்வாய் இரவு

நேற்று பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் என் புராஸ்டேட்டில் ஊசி செலுத்திச் சதைத்துணுக்கு எடுத்தார்கள், புற்றா என்று பார்க்க. மாலையே எங்கள் ஊர் முதலமடைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று விடிந்ததிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. முட்டிக்கொண்டு வந்தும் இரண்டு சொட்டு ரத்தம்தான் விழுந்தது. அடிவயிறு கல்லாகிவிட்டது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, மாந்தோப்புக்குள் போய்ப் போய் நின்றேன்.

என் மனைவி சரசுதான் தேடி வந்தாள். "ஏனுங்க, இப்படி வேர்த்து ஊத்துது? ஒண்ணுக்குப் போச்சுங்களா?"

"இல்லை" என்றேன்.

மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்த லாரியை நோக்கி ஓடினாள். "பாதி லோடு போதுங்க, வண்டிய எடுங்க!" டிரைவரிடம் அத்தனையும் சொல்லிவிட்டாள். செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் வண்டி குழியில் விழுந்து குலுங்கக் குலுங்க வெட்கம் எங்கோ போய்விட்டது. வேகமாகப் போகச் சொல்லி நானே கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாய் போட்டார். "மூத்திரம் நின்னா உடனே வரணும்னு சொன்னேனல்லோ?" என்று கடிந்துகொண்டார். வடியத் தொடங்கியதும் அழுதுவிட்டேன்.

வார்டில் படுத்தபடி இதை எழுதுகிறேன். சதைப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. சற்று முன் சரசு சிறுநீர் பாட்டிலை விளக்கருகே தூக்கிப் பார்த்து, "செவப்புக் கொறஞ்சிருச்சுங்க" என்றாள். காட்டச் சொன்னேன். காட்டாமல் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாள்.