அசையாத பனி

செப்டம்பர் 3, செவ்வாய்
இன்றும் அதே எண். நாங்கள் தினமும் வெளியிடும் வடதுருவக் கடல்பனி வரைபடத்தில் நான்கு நாளாகப் பரப்பளவு ஒரு புள்ளிகூட நகரவில்லை. உருகுகிற மாதத்தில் பனி அப்படியே நிற்குமா? எங்கள் ஆய்வு மையத் தலைவரிடம் சொன்னேன். “நின்னா நல்லதுதானேம்மா, எதுக்கு நோண்டுறீங்க?” என்றார். சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4, புதன்
அதே எண்.

5, வியாழன்
செயற்கைக்கோள் பிரிவுக்கு மூன்று முறை போன் செய்தேன். “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, உங்க பக்கம் பாருங்க.” மூன்று முறையும் இதே பாட்டு. திங்கட்கிழமை மாத அறிக்கை போகிறது. ‘பனி உருகுவது நின்றது’ என்று தலைப்பே போட்டுவிட்டார்கள். இது வெளியே போனால் அவ்வளவுதான். அப்புறம் நாங்கள் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்?

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். “உருகினா குளிர்காலத்துல மறுபடி உறைஞ்சிடாதா?” என்றார். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த கடல் விழுங்கிக்கொள்ளும், விழுங்கின சூடு அடுத்த வருஷப் பனியையும் தின்னும். ஒரு கட்டம் தாண்டினால் பழையபடி திரும்பாமலே போகலாம் என்றேன்.

“அந்தக் கட்டம் எப்ப?”

“தாண்டின பிறகுதான் தெரியும்.”

“அப்ப நீங்கல்லாம் அங்க எதுக்கு இருக்கீங்க?”

கோபம் வந்தது. எழுந்து போய்விட்டேன்.

7, சனி
கண்டுபிடித்துவிட்டேன். ஐயோ.

வரைபடம் போடும் எங்கள் கணினி நிரலில் ஒரு வரி. இந்த அளவுக்குக் கீழே எண் வந்தால் பிழை என்று ஒதுக்கு, முந்தின நாள் எண்ணையே போடு. உண்மையான எண் தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தினமும் குறைந்துகொண்டே. எல்லாம் பிழைப் பட்டியலில் கிடக்கிறது.

எந்த மடையன் எழுதினான் என்று பார்த்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நான். பக்கத்திலேயே என் குறிப்பு: ‘இதற்குக் கீழே போகவே போகாது.’

ஊரையே திட்டித் தீர்த்தேனே! என்ன திமிருடி உனக்கு?

9, திங்கள்
தலைவர் முகம் சுண்டிப்போனது. “இத எப்படிம்மா வெளிய சொல்றது?”

“நான் பண்ணின தப்பு சார். என் பேரைப் போட்டே சொல்லுங்க.”

தலைப்பைக் கோடு போட்டு அடித்தார். அறிக்கையை நிறுத்திவைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “சரி, இப்ப கீழ் எல்லை எவ்வளவு வைக்கலாம்?”

அவரே ஒரு எண் சொன்னார். போதாது என்று இன்னும் குறைத்தார். மறுபடி குறைத்தார். அப்புறம் விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் பூஜ்யம் என்று அடித்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.