நன்மை வாங்காத ஞாயிறுகள்

மே 11, ஞாயிறு

இன்றும் பூசையில் நன்மை வாங்கப் போகவில்லை. வரிசை நகர்ந்தபோது முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டேன். ரபேல் திரும்பிப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். கட்டிய புருஷன், அவருக்குக் காரணம் தெரியும். கடைசியாக வாங்கிய நற்கருணை அப்பம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், அதுவும் அதன் மேல் நின்றது. ஆண்டவரை வெளியே துப்பும்படி ஆகிவிட்டால்? அதற்கு உட்கார்ந்தே இருக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் மாதக்கணக்காக ஒரே பாட்டு: "கேஸ்ட்ரிக் லா, ஆன்டி."

மே 14

ஒரு இட்லியோடு மல்லுக்கட்டினேன். இட்லி ஜெயித்தது.

மே 18, ஞாயிறு

கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் பிரெண்டா கேக்கோடு வந்தாள். ரபேல் குளிக்கப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"உர்சுலா, மறைக்காத. பெரிய பாவம் பண்ணவங்கதான் நன்மை வாங்காம உக்காந்திருப்பாங்க. நீ இளைச்சும் போயிட்ட. தப்பு ரபேல் மேலயா, உன் மேலயா?"

"என்ன தப்பு?"

"வேற ஆளு..."

சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த தேநீர் வெளியே பறந்தது. அவள் புது கவுன் தப்பியது. ஐம்பத்து நான்கு வயதில் எனக்குக் கள்ளக்காதலாம்! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "கேஸ்ட்ரிக்காம், மண்ணாங்கட்டி! என் தங்கச்சி கிள்ளான்ல ஸ்பெஷலிஸ்ட்கிட்ட நர்ஸா இருக்கா. நாளைக்கே போறோம்."

ஜூன் 3

மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சோதித்தார்கள். சே, என்ன பிழைப்பு! கிள்ளான் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் முகுந்தன் எக்ஸ்ரேயைக் காட்டினார். உணவுக்குழாய் மேலே பருத்து, அடியில் சுருங்கிக் கிடந்தது.

"இரைப்பைக்குப் போற வாசல்ல தசை திறக்க மாட்டேங்குது, ஆன்டி. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு அந்தத் தசையை வெட்டி விட்டுடலாம்."

"பழையபடி சாப்பிடுவேனா?"

"பெரும்பாலானவங்க சாப்பிடறாங்க. நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்."

ஜூன் 22, ஞாயிறு

விழுங்க முடியாததைப் பூசைக்கு முன்பே ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். "அட, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? அப்பத்துல ஒரு துணுக்கு போதுமே. துணுக்குலயும் ஆண்டவர் முழுசாத்தான் இருக்கார்" என்றார். இத்தனை மாதம் யாரையும் கேட்காமல் நானாகவே பட்டினி கிடந்திருக்கிறேன்! துணுக்கு இறங்கியது. அழுதுவிட்டேன்.

ஜூன் 26

நாளை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. மயக்கத்திலிருந்து எழாமல் போனால்? எழுந்தும் இப்படியே இருந்தால்?

ஜூன் 29

எழுந்தாயிற்று! வயிற்றில் வெட்டியதற்குத் தோள் ஏன் வலிக்கிறது? "உள்ள ஊதுன காத்து, ஆன்டி, போயிடும்" என்றாள் நர்ஸ். நேற்று தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மடக்கு. காத்திருந்தேன் — நிற்கவில்லை.

"போயிடுச்சுங்க!" என்று கத்தினேன். ரபேல் பதறிப்போய், "யாரு?" என்றார். பக்கத்துக் கட்டில் சீன ஆன்டி விஷயம் புரியாமலே கைதட்டினார்.

ஜூலை 9

கஞ்சி. மறுபடியும் கஞ்சி. எனக்கு மணக்கக் கூடாதென்று ரபேல் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை வாசலுக்கு வெளியே நின்று சாப்பிடுகிறார். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மணக்கிறது. "உள்ள வாங்க, பார்த்துக்கிட்டாவது இருக்கேன்" என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து பாடகர் குழு மொத்தமும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டு யாருக்கு என்பதில் எனக்கும் பிரெண்டாவுக்கும் சரியான சண்டை. "உனக்கு மேல் ஸ்தாயி எட்டாது லா" என்கிறாள், அவளுக்கு என்னவோ எட்டிவிடுவதுபோல! விடுவேனா? வாங்கு வாங்கென்று வாங்கினேன். நடுவில் ரபேல் என் கையைத் தொட்டு இலையைக் காட்டினார்.

இலை காலி. என்ன குழம்பு ஊற்றினார்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.