செம்புத் தொண்டை

ஆகஸ்ட் 3, 2024
இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள். தபால் படகில் தார்சீசியோவின் அழைப்பிதழ் வந்தது. ஸொகே-ஸொகே குரங்குகளில் புதிய இனமொன்றை அவன் உலகுக்கு அறிவித்துப் பத்தாண்டு ஆகிறதாம். இந்த ஊர்ப் பள்ளியில் விழா. என் பழைய மாணவன். நான் பாடம் செய்து வைத்திருந்த குரங்குத் தோலை என் இழுப்பறையிலிருந்து திருடி, தானே காட்டில் கண்டெடுத்ததாக எழுதியவன். இனத்துக்குத் தன் மாமனார் பெயரைச் சூட்டினான். மாமனார் மாட்டுப் பண்ணைக்காரர். அந்தக் குரங்கின் காட்டில் பாதியை எரித்தவர்.

ஆகஸ்ட் 5
எனக்குச் சமைத்துத் தரும் லின்டால்வா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "போகப்போறீங்களா டீச்சர்?"
"முதல் வரிசையில உட்காருவேன்."
"பத்து வருசமா அவன் பேரச் சொன்னாலே சிரிக்கிறீங்க. அதான் எனக்குப் பயமாருக்கு."

ஆகஸ்ட் 9
அவன் கட்டுரையை மறுபடி வாசித்தேன். இனத்தின் தலையாய அடையாளம்: தொண்டையில் செம்பு நிற ரோமம். அப்படியொரு குரங்கை அதன்பின் எவரும் காட்டில் பார்க்கவில்லை. 'மிக மிக அரிது' என்று அதற்கும் ஒரு கட்டுரை எழுதினான். என் சன்னலுக்கு வெளியே இங்கா மரத்தில் தினமும் விடியலில் ஒரு ஜோடி வாலோடு வால் பின்னி உட்கார்ந்து பாடுகிறது. தொண்டை சாம்பல் நிறம். யார் பார்க்கிறார்கள்?

ஆகஸ்ட் 12
பஞ்சு வாங்கினேன்.

ஆகஸ்ட் 17
முடிந்தது. மேடையில் அந்தத் தோலை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை அவனே திறந்தான். "தொட்டுப் பாருங்க டீச்சர், உங்க ஆசீர்வாதம்!" கரும்புச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் தொண்டையை மூன்று முறை துடைத்தேன். பஞ்சு சிவந்தது, தொண்டை சாம்பலாயிற்று.
பின்வரிசையிலிருந்து லின்டால்வா கத்தினாள்: "அட, உருகூம் விதைச் சாயம்! பேன் பிடிக்காம இருக்க நாங்க வீட்டுல வளக்குற குரங்குக் குட்டிக்கெல்லாம் பூசுறதுதானே. எங்க வீட்டுச் சட்டியில இன்னும் இருக்கு, வேணுமா டாக்டர்?"
பள்ளியே சிரித்தது. வீட்டுக் குரங்கைக் காட்டுக் குரங்கென்று நம்பிய மேதை! அவன் என் காதருகே முனகினான்: "டீச்சர்... முன்னாடியே தெரியுமா?"
"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."
திருடியவன் உடையவளிடம் எப்படிக் கேட்பான்?

ஆகஸ்ட் 18
அந்தக் குரங்கை யார் வளர்த்தது என்று ஊரே விவாதிக்கிறது. லின்டால்வா தன் சித்தி என்கிறாள். இருக்கட்டும்.
ஒருவரும் வளர்க்கவில்லை. இங்கா மரத்தடியில் செத்துக் கிடந்ததை நான்தான் எடுத்தேன். தொண்டை சாம்பல் நிறம்தான். பின்பு ஒருநாள் காலை, தார்சீசியோ என் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு ஓசையின்றி மூடுவதைக் கண்டேன். அவன் குளிக்க ஆற்றுக்குப் போனதும் உருகூம் விதையை எண்ணெயில் குழைத்து என் கட்டைவிரலால் பூசினேன். நகத்தில் ஏறிய சிவப்பு போக மூன்று நாள் ஆயிற்று. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.