இம்போர்ட் டீம்

அல் ஐன்
ஐக்கிய அரபு அமீரகம்
6 அக்டோபர் 2024

அன்பு அண்ணனுக்கு,

மாதா துணையால் நலம். மைனியும் பிள்ளைகளும் சுகமா? போனில் பேசினால் நாம் இருவரும் மாறி மாறிக் கத்திவிட்டு வைத்துவிடுகிறோம், மெயிலில் எழுதினால்தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம் என்று நீதான் சொன்னாய். எழுதிவிட்டேன். முழுசாகப் படி. பாதியிலேயே போனை எடுத்துவிடாதே.

நான் மறுபடியும் பாஸ்கெட்பால் ஆடப் போகிறேன். சிரிக்காதே! எங்கள் ஆஸ்பத்திரியில் பிலிப்பைன்ஸ் நர்சுகள் ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். வெயில் குறைந்ததும் அவர்கள் நாட்டு ஆட்கள் சேர்ந்து இங்கே லீக் நடத்துவார்கள். பெண்களுக்கும் தனியாக உண்டு. என் வார்டில் வேலை பார்க்கும் மரிசெல்தான் கேப்டன். போன வாரம் அவர்கள் ஆடுவதை கோர்ட் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து என் பக்கம் உருண்டு வந்தது. எடுத்தேன், நின்ற இடத்திலிருந்தே போட்டேன். வளையத்தில் படாமல் உள்ளே விழுந்தது. மரிசெல் வாயைப் பிளந்துவிட்டாள். "உங்க ஆளுங்களுக்கு கிரிக்கெட்தானே தெரியும்?" என்று கேட்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொன்றும் போட்டுக் காட்டினேன்.

எனக்கு முப்பத்தொன்று ஆகிறது அண்ணே. மாவட்ட டீமில் பெயர் வந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்தேன். அதோடு பந்தைத் தொடவில்லை. ரெஃப்ரி, விசில், ஸ்கோர் போர்டு எல்லாம் வைத்து ஒரே ஒரு சீசன் முழுசாக ஆடிவிட வேண்டும். முட்டி சொன்னபடி கேட்கும்வரைதான் காலம். நைட் டியூட்டிக்காரர்கள் என்பதால் மூன்று மணிக்கே பிராக்டிஸ். மொட்டை வெயில். பரவாயில்லை.

அன்புத் தங்கை,
பெர்சி


ஈசா டவுன்
பஹ்ரைன்
9 அக்டோபர் 2024

அன்புத் தங்கை பெர்சிக்கு,

நாங்கள் நலம். பந்து விளையாட்டா? சரி, விளையாடு. கையோ காலோ உடைந்தால் பார்க்க பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். உனக்கு உயரம் வளரவில்லை. வாய் மட்டும் வஞ்சனையில்லாமல் வளர்ந்திருக்கிறது. அதை வைத்தே ஜெயித்துவிடுவாய்.

மைனி உன் போட்டோ ஒன்று கேட்கிறாள். எதற்கு என்று உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி யூனிபாரத்தில் முறைத்துக்கொண்டு நிற்பது வேண்டாம், சிரித்த முகமாக ஒன்று அனுப்பு. அம்மா இருந்திருந்தால் நான் இந்தத் தரகர் வேலை பார்க்க வேண்டியிருக்காது. பகலெல்லாம் கம்பெனியில் ஏசி மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், வீட்டில் உன் மைனி "அந்த வரன் என்னாச்சி?" என்று நிற்கிறாள். நீ மனசு வைத்தால் எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கும்.

அன்புடன்,
ரெஜின்


அல் ஐன்
27 அக்டோபர் 2024

அன்பு அண்ணனுக்கு,

வயிறெரிந்து எழுதுகிறேன். என்னை டீமில் எடுக்கவில்லை.

இந்த லீக்கில் ஒரு சட்டம் இருக்கிறதாம். டீம் முழுக்க பிலிப்பைன்ஸ்காரர்கள், வெளிநாட்டு ஆள் ஒருத்தர் மட்டும். அந்த ஒருத்தருக்கு 'இம்போர்ட்' என்று பெயர். நல்ல பெயர், நாமெல்லாம் கப்பலில் வந்த சரக்கு! அந்த ஒரு இடத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கும் நகாட்டோவை எழுதிவிட்டார்கள். உகாண்டா பெண். பனைமரம் மாதிரி உயரம். அவளுக்கு ஆடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கறுப்பாக, உயரமாக இருக்கிறாள், அவ்வளவு போதும். எனக்கு இந்திய முகம், அதனால் ஆட வராது. அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதேன்.

மரிசெல்லுக்கு மனசு கேட்கவில்லை. "நீ எங்க மியூஸா வா" என்றாள். அடுத்த மாதக் கடைசியில் நடக்கும் தொடக்க விழா அணிவகுப்பில் ஒவ்வொரு டீமுக்கும் முன்னால் ஒரு பெண் அலங்காரம் செய்து, தோளில் பட்டை போட்டுக்கொண்டு, கையசைத்து நடக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். அந்தப் பெண்ணுக்குத்தான் மியூஸ் என்று பெயர். மைதானத்தில் கால் வைக்க வேறு வழியில்லை என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். ஒத்திகைக்கு என்று அவள் தன் நிறத்துக்கு வாங்கி வைத்திருந்த மேக்கப்பை என் முகம், கழுத்து, கை எல்லாம் அப்பிவிட்டாள். படம் அனுப்பியிருக்கிறேன், பக்கத்தில் நிற்கிறவள்தான் நகாட்டோ. மைனியிடம் காட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

பெர்சி


ஈசா டவுன்
8 நவம்பர் 2024

அன்புத் தங்கை பெர்சிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நல்ல சேதி.

நாகர்கோவில் தேவசுந்தரம் சாருடைய மகன் அருள்ராஜ், இங்கே மனாமாவில் பேங்கில் இருக்கிறார். தங்கமான குணம், குடி இல்லை, கோயிலுக்குத் தவறாமல் வருகிறார். மைனி உன் படத்தை அவர் அம்மாவுக்கு அனுப்பினாள். அந்தப் பட்டை போட்ட படம்தான். பட்டையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அனுப்பினாள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பிள்ளை நல்ல வெளுப்பு" என்று அந்தம்மா சொன்னார்களாம்.

கத்தாதே. அது மேக்கப் என்று எனக்கும் தெரியும். உலகம் அப்படி இருந்தால் நான் என்ன செய்வேன்? எத்தனை இடம் நிறத்தைச் சொல்லியே தட்டிப்போயிற்று என்று உனக்குத் தெரியாதா? ஜனவரியில் அவர்கள் துபாயில் மகள் வீட்டுக்கு வருகிறார்கள். அப்போது உன்னை நேரில் பார்ப்பார்கள். அதுவரைக்கும் வெயிலில் இறங்காதே. மைனி ஒரு கிரீம் சொல்கிறாள், வாங்கிப் போடு. டீமில்தான் எடுக்கவில்லையே, பிறகு எதற்கு அந்த மைதானத்தில் போய் நிற்கிறாய்? அந்த ஆப்பிரிக்காக்காரியோடு பேஸ்புக்கில் படம் கிடம் போட்டுவிடாதே. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இரண்டு மாதம்தான். எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

அன்புடன்,
ரெஜின்


அல் ஐன்
16 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

உடனே எழுதினால் கெட்ட வார்த்தையாக வரும் என்று ஒரு வாரம் சும்மா இருந்தேன்.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நகாட்டோ முதல் நாள் பிராக்டிசுக்கு வந்தாள். பந்தை அழகாகப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எல்லாரும் "ஓடு, ஓடு" என்று கத்துகிறார்கள், அவள் நகரவே இல்லை. கடைசியில் பார்த்தால் அவள் ஊரில் ஆடியது நெட்பால். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்தில் நின்று எறிய வேண்டும். மரிசெல் டீம் தலையில் கை வைத்துக்கொண்டது. அடுத்த நாளே என்னிடம் வந்தார்கள். "பெர்சி, நீயே இம்போர்ட்டா வந்துரு, அவளை எடுத்துர்றோம்."

நான் ஆசைப்பட்ட இடம் அண்ணே! கையில் வந்து விழுந்தது. சரி என்று சொல்ல வாயும் திறந்துவிட்டேன். அப்போது நகாட்டோ தன் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, பழகிப்போன மாதிரி வைத்தாள். தோலைப் பார்த்துக் கூப்பிட்டார்கள், இப்போது தூக்கிப் போடுகிறார்கள். அவளைப் போடுகிற குப்பையில் நாளைக்கு என்னைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நான் வரவில்லை என்றேன். மரிசெல்லோடு பேச்சு முறிந்தது.

பிறகு நானும் நகாட்டோவும் சேர்ந்து ஆள் பிடித்தோம். லேபில் ஒரு மலையாளிப் பெண், கேன்டீனில் இரண்டு நேபாளிகள், நகாட்டோவோடு செக்யூரிட்டியில் இருக்கும் ஒரு கென்யாக்காரி. லீக் நடத்துகிறவர் போயெட் என்று ஒரு பெரியவர், எல்லாரும் குயா போயெட் என்பார்கள். குயா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். "ஒரு இம்போர்ட்தான் சட்டம், நீங்க எல்லாருமே இம்போர்ட்டா இருக்கீங்களே" என்றார். நான் விடவில்லை. பிரசவ வார்டில் இருக்கும் ஒரு பிலிப்பைன்ஸ் நர்சைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். "குயா, எங்க டீம்ல இவ ஒருத்திதான் வெளிநாடு. இவதான் எங்க இம்போர்ட்" என்றேன். மனுஷன் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பெயரை எழுதிக்கொண்டார்.

இனி உன் சேதி. மைனியிடம் அந்த வீட்டு நம்பரை வாங்கினேன். அவளைத் திட்டாதே, நான் மிரட்டித்தான் வாங்கினேன். நேற்று பிராக்டிஸ் முடிந்து கையில் பந்தோடு நானும், பக்கத்தில் நகாட்டோவும் வேர்க்க விறுவிறுக்க நிற்கிற படத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன், உனக்கும் இதோடு வைத்திருக்கிறேன். 'முன்பு பார்த்தது மேக்கப். பெர்சி இப்படித்தான் இருப்பாள். பிடித்தால் ஜனவரியில் பார்க்கலாம்' என்று கீழே எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். ஏமாற்றிக் கட்டிக்கொண்டு, காலமெல்லாம் முகம் கழுவப் பயந்து என்னால் வாழ முடியாது.

உன் தங்கை,
பெர்சி


ஈசா டவுன்
17 நவம்பர் 2024

பெர்சி,

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த மனுஷர் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் எப்படி விழிப்பேன்? அம்மா சாகும்போது உன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். அதற்காகத்தான் நாயாக அலைகிறேன். உனக்கு ஒரு பந்து பெரிதாகப் போய்விட்டது.

இனிமேல் உன் விஷயத்தில் நான் தலையிடவில்லை. உன் இஷ்டம்போல் இரு. எனக்கு எழுத வேண்டாம்.

ரெஜின்


அல் ஐன்
22 டிசம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். பிள்ளைகளுக்குத் துணி வாங்கி, பஹ்ரைன் வருகிற ஒரு சேச்சியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். மைனி போனில் பேசுகிறாள், நீ பக்கத்தில் இருந்துகொண்டே எழுந்து போய்விடுகிறாய் என்றும் சொல்கிறாள்.

முதல் மேட்சில் அடித்துத் துவைத்துவிட்டார்கள். ஸ்கோரை எழுத வெட்கமாக இருக்கிறது. கூட்டத்தில் ஒருத்தன் நகாட்டோவைப் பார்த்துக் குரங்கு மாதிரி சத்தம் போட்டான். அவன் நம்மாள்தான் அண்ணே, தமிழன். பந்தைக் கீழே போட்டுவிட்டு நேரே அவனிடம் போய், "ஏல, ஒன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்துருக்கியா?" என்று கேட்டேன். எனக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்து எதிர் டீமுக்கு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். கொடுக்கட்டும். அவன் எழுந்து போய்விட்டான். குயா போயெட் அடுத்த மேட்சுக்கு முன்னால் மைக்கில் சொன்னார், இனி அப்படிச் சத்தம் போடுகிறவன் வெளியே போக வேண்டும் என்று.

இரண்டாவதும் தோற்றோம். அழுகை வந்தது, அழவில்லை. டியூட்டி முடிந்து எல்லாரும் தூங்கப் போகும்போது நானும் நகாட்டோவும் மைதானத்துக்குப் போனோம். தட்டு, ஓடு, தட்டு, ஓடு. அவள் காலில் கொப்புளம், கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. மூன்றாவது மேட்சில் அவள் முதல்முறையாகப் பந்தைத் தட்டிக்கொண்டே கோர்ட்டின் முக்கால்வாசி ஓடி உள்ளே போட்டாள். போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாள். அதை ஜெயித்தோம். அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. செமி ஃபைனல் வந்துவிட்டோம், ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை. எதிரில் மரிசெல் டீம்.

நான் கன்னங்கரேலென்று ஆகிவிட்டேன். அந்த வீட்டிலிருந்து எனக்குப் பதில் இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நீ பேசாமல் இருப்பதுதான் வருத்தம். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணே. என்னைப் பார்த்துவிட்டுச் சம்மதிக்கிறவன் வேண்டும், அவ்வளவுதான்.

அன்புத் தங்கை,
பெர்சி


ஈசா டவுன்
14 ஜனவரி 2025

அன்புத் தங்கை பெர்சிக்கு,

துணி வந்தது. சின்னவளுக்குச் சரியாக இருக்கிறது, பெரியவளுக்குக் கை பிடிக்கிறது. மைனி பிரித்துத் தைத்துவிட்டாள்.

இவ்வளவு நாள் எழுதாததற்கு நீ திட்டுவாய். திட்டு. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அருள்ராஜின் அம்மா துபாயிலிருந்து போன் செய்தார்கள். நானும் ஆசையாகத்தான் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. அவ்வளவு நாள் கழித்துக் கூப்பிடுகிறார்களே, ஒருவேளை மனசு மாறியிருக்குமோ என்று நினைத்தேன். படம் வந்தபோதே வேண்டாம் என்றுதான் இருந்தார்களாம். வந்த இடத்தில் அக்கம்பக்கத்தாருக்கு உன் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள் போலிருக்கிறது, பின்னால் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ரெண்டும் ஒண்ணுபோல கறுப்பாட்டு நிக்குது. இதுல எது தம்பி ஒங்க தங்கச்சி?" என்று கேட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆப்பிரிக்காக்காரியோடு நிற்காதே என்று நான் உனக்கு எழுதினேனே, அதைத்தான் அந்தம்மா சொன்னார்கள். நான் எழுதும்போது எனக்கு அது புத்திமதி மாதிரி இருந்தது. நேற்று காதில் விழுந்தபோதுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் நான் இதையெல்லாம் எழுதினேன் என்று சொல்லிவிடாதே, நேரில் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆமாம், நேரில்தான். லீவு சொல்லிவிட்டேன், ஆன்லைனில் விசாவுக்கும் போட்டுவிட்டேன், இரண்டு நாளில் வந்துவிடும். சனிக்கிழமை காலை துபாயில் இறங்கி, பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் அல் ஐன் வந்துவிடுவேன். தோற்றாலும் பரவாயில்லை, ஆனால் அந்த மரிசெல்லிடம் மட்டும் தோற்காதே.

அந்தம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பாய். "அம்மா, படத்த நல்லா பாருங்க. பந்து யாரு கையில இருக்கோ, அவதான் என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

உன் அண்ணன்,
ரெஜின்