நீர் எடுப்பதற்கு முன்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? முட்டி ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. மூன்று சின்ன ஓட்டை, அவ்வளவுதான். இதற்கா இப்படி நடுங்கினீர்கள் என்று உன் அண்ணி கேலி செய்கிறாள். ஆனால் நேற்றிலிருந்து முட்டி வீங்கிச் சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது. எலும்பு டாக்டர் வெளியூரில். பன்னிரண்டாம் தேதிதான் பார்ப்பார். போன முறை நீ வைத்துவிட்டுப் போன ஆன்டிபயாடிக் மாத்திரை அலமாரியில் இருக்கிறது. போடலாமா? இடது கால் போனால் கிளட்சை யார் மிதிப்பது? பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அண்ணன்

மார்ச் 7

அன்பு அண்ணா,

வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் சகஜம். இருந்தாலும் காலை ஒன்று, மாலை ஒன்று போடு. டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்காதே, நாமாக மருந்து சாப்பிட்டால் கத்துவார்கள். நர்ஸ் தங்கை எதற்கு இருக்கிறேன்?

உன் வாயாடி

மார்ச் 31

தங்கைக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். மாத்திரையில் காய்ச்சல் விட்டது, வீக்கமும் பாதி வற்றியது. டாக்டர் முட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்தார். "ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்லைங்க" என்றேன். சோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. வெறும் வீக்கம்தான், நடந்து பழகுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மாத்திரை தீர்ந்த ஐந்தாம் நாள் இடது காலைக் கீழே வைக்க முடியவில்லை. மறுபடி திறந்தார்கள். உள்ளே சீழ். இரண்டு முறை கழுவிவிட்டு, இப்போது நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். குருத்தெலும்பு அரித்துப் போய்விட்டதாம், முட்டி இனி மடங்காதாம். உன் அண்ணி டாக்டர் மேல் புகார் எழுதி வைத்திருக்கிறாள்.

அண்ணன்

ஏப்ரல் 3

அண்ணா,

அந்தக் கேள்வியை நானே தினமும் நோயாளிகளிடம் கேட்கிறேன். நீர் எடுப்பதற்கு முன் மருந்து உள்ளே போனால் கிருமி சோதனையில் சிக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தே உன்னை மறைக்கச் சொன்னேன். வீக்கம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். லீவு போட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லோரிடமும் நானே சொல்கிறேன். என்னைத் திட்டிவிடு அண்ணா, இப்படிச் சும்மா இருக்காதே.

தங்கை

ஏப்ரல் 5

தங்கைக்கு,

வராதே. டாக்டரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா மருந்தை நிறுத்தி மறுபடி நீர் எடுத்திருப்பேன். அந்த வாரமே திறந்து கழுவியிருப்பேன்" என்றார். புகாரைக் கிழித்துப் போட்டாயிற்று. நானாகத்தான் மாத்திரை போட்டேன் என்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். உன் பேச்சே வரவில்லை, வராது.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன், அந்த வரி மட்டும் வரவில்லை. நீ எதிரில் வந்து நின்றால் என் முகமே அண்ணிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அந்த வரி வரும்வரை கடிதமும் வேண்டாம்.

அண்ணன்