கவினுக்குப் பதில் தோப்புக்கரணம்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று பிள்ளையார் கோயிலில் என் மாமனார் கவினைத் தோப்புக்கரணம் போடச் சொன்னார். "கெண்டைக்கால் எப்படித் திரண்டிருக்கு பாரு, போடப் போட இன்னும் வலுவாகும்டா" என்றார். நான் போய் மகனின் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ஏன்த்தா, சாமிக்குப் போடுறதைத் தடுக்குற?"

டாக்டர் சொன்னதை அங்கேயே சொன்னேன். "புடவை ஓரம் கிழியாம இருக்க ஃபால் தைக்கிறோம்ல மாமா, அது மாதிரி தசை அணுவோட சவ்வைத் தாங்க டிஸ்ட்ரோபின்னு ஒரு புரதம் இருக்கு. இவன் உடம்புல அது இல்ல. உக்காந்து எந்திரிக்க எந்திரிக்கச் சவ்வு கிழியும். அந்தத் திரட்சி வலு இல்ல, வியாதி."

குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன். எத்தனை வருஷம் நடப்பான் என்று டாக்டர் சொன்னதை மட்டும் விழுங்கிக்கொண்டேன்.

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அவனுக்கும் சேத்து நானே போட்டுர்றேன்" என்று காதைப் பிடித்தார்.

"இன்னும் கீழ தாத்தா!" என்று கவின் கைதட்டிச் சிரித்தான்.

பக்கத்து அறையிலிருந்து தைல வாசனை வருகிறது. இனி யார் சொன்னாலும் அவர் கவினைப் போட விடமாட்டார். மிச்சத்தையும் அவரிடம் சொல்லிவிடலாம். முதலில் முட்டி வலி குறையட்டும்.